பல்லி சொன்ன ‘ச்சு’

ஆப் வடிவமைக்கும் எங்கள் ஆபீசில் குடியிருந்த சுண்டெலி, எங்களைப் பார்த்தே தொழில் கற்றது. முதலில் அட்டையில் மாதிரி செய்யணும், பிறகு பயன்படுத்துகிறவரிடமே கேட்கணும். அப்படித்தான் பல்லிக்கு ஓர் அட்டை வீடு செய்து, உள்ளே அனுப்பிவிட்டுக் கேட்டது.

“கதவு வசதியா இருக்குல்ல?”

“வால் மாட்டிக்கிச்சு!”

எலியின் காதில் கடைசி ‘ச்சு’ மட்டும்தான் விழுந்தது. பல்லி ‘ச்சு’ என்றால் சத்தியவாக்கு அல்லவா? ‘திருப்தி’ என்று குறித்துக்கொண்டது.

“கலர் பிடிச்சிருக்குல்ல?”

“ஐயோ, உயிரே போச்சு!”

‘பரம திருப்தி’ என்று எழுதியது.

பல்லி வாலைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடியே போனது. அடுத்து வீட்டைச் சோதிக்க வந்த கரப்பான் வாசலிலேயே நின்றுவிட்டது.

“அண்ணே, கதவிடுக்குல ஒரு வால் கிடந்து துடிக்குதே?”

“அதுவா?” எலி பூரித்தது. “பல்லிக்கு ஏதோ அவசரம், போயிடுச்சு. வாலுக்குத்தான் வீட்டை விட்டுக் கிளம்ப மனசே வரலை.”