தலைமாட்டுக் கடிகாரம்

நர்ஸம்மா இன்றைக்கும் பேசிக்கொண்டுதான் இருந்தாள்.

அலுவலகத்தின் பின்படிக்கட்டில் உட்கார்ந்து மகன் கைபேசியைப் பார்த்தான். திரையில் அப்பாவின் அறை. கட்டில், மருந்து மேசை, அப்பாவின் உச்சந்தலை, எதிரே நர்ஸம்மாவின் முகம். ஏதோ சொல்கிறாள், நிறுத்துகிறாள், தலையாட்டிக் கேட்கிறாள், வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்.

போனில்தான். வேறு யாரோடு பேசப்போகிறாள்? அந்த அறையில் இருக்கும் இன்னொரு ஆளுக்குத்தான் பக்கவாதத்தில் பேச்சே போய்விட்டதே. காதை மறைத்து முடி விழுந்திருப்பதால் உள்ளே இயர்போன் இருக்கும் என்று அவனே முடிவு கட்டியிருந்தான்.

தலைமாட்டுச் சுவரில் இருக்கும் கடிகாரத்துக்குள் கேமரா இருப்பது அவனுக்கும் அவன் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும். வேறு ஏதோ ஒரு வீட்டில் வேலைக்கு வந்தவள் அங்கிருந்த முதியவரைக் கன்னத்தில் அறையும் வீடியோவை யாரோ அனுப்ப, மறுநாளே வாங்கி மாட்டிவிட்டான். அப்பாவிடமும் சொல்லவில்லை. சொன்னால் மட்டும் பதிலா சொல்லப்போகிறார்.

நன்மை இல்லாமல் இல்லை. அவள் அடிப்பதில்லை என்று தெரிந்தது. மாத்திரை வேளாவேளைக்கு உள்ளே போகிறது என்று தெரிந்தது. அவனுக்கும் நிம்மதியாக வேலை ஓடியது. அப்பாவுக்கு உடம்பு துடைத்துவிடும் நேரத்தில் மட்டும் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவான். அந்த அளவுக்கு இங்கிதம் தெரிந்தவன்.

சத்தத்தை ஒருநாளும் வைத்ததில்லை. பக்கத்து மேசைக்காரருக்குப் பாம்புக் காது.

ஆனால் இந்தப் பேச்சு அவனை உறுத்தியது. சம்பளத்தையும் வாங்கிக்கொண்டு நாள் முழுக்க அரட்டை. போனைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளும்படி ஒருமுறை ஜாடையாகச் சொல்லியும் பார்த்தான். அவள் அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சரி என்று தலையசைத்தாள். மறுநாளும் அதே கதைதான். வேறு ஆள் அனுப்பச் சொல்லி ஏஜென்சியைக் கேட்டான். சும்மா சொன்னால் ஆகாது, ஏதாவது ஆதாரம் கொடுங்கள் என்றார்கள்.

ஆதாரம்தானே? அதற்குத்தான் இன்று படிக்கட்டுக்கு வந்திருக்கிறான். இயர்போனைக் காதில் செருகி, முதல்முறையாகச் சத்தத்தைத் திறந்தான்.

"அப்புறம் என்ன ஆச்சுங்கய்யா?" என்றாள் நர்ஸம்மா.

பதில் வந்தது. குழறலான ஆண்குரல். ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்து வைக்கும் குரல்.

மகன் இயர்போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். அது அப்பா.

அப்பா தன் பழைய முதலாளியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். தலையில் விக் வைத்திருந்த முதலாளி. புதிதாக வாங்கிய மின்விசிறியை முழுவேகத்தில் போட்டுவிட்ட ஊழியர். பறந்துபோன விக்கைப் பார்த்து, எலி எலி என்று நாற்காலி மேல் ஏறி நின்ற காசாளர். மகன் கேட்டே இராத கதை.

அவன் சிரித்தான். சிரிப்போடு கண்ணும் வழிந்தது. அப்பாவுக்குப் பேச்சு வந்துவிட்டது! மனைவிக்குச் சொல்ல வேண்டும், டாக்டருக்குச் சொல்ல வேண்டும். இந்தக் கேமரா மட்டும் இல்லையென்றால் தெரிந்தே இருக்காது. எழுந்தே நின்றுவிட்டான்.

"இவ்வளவு நல்லா பேசறீங்க. உங்க பையன்கிட்டயும் ஒரு வார்த்தை பேசலாம்ல?" என்றாள் அவள்.

திரையில் அப்பாவின் உச்சந்தலை இடமும் வலமும் அசைந்தது.

"பேசினா, நான் தேறிட்டேன்னு உன்னை நிறுத்திடுவான்மா. அப்புறம் நான் யார்கிட்ட பேசறது?"

மகன் மறுபடியும் உட்கார்ந்தான். அப்படியெல்லாம் செய்ய மாட்டேன் என்று சொல்லிக்கொள்ள அவனுக்கு ஆசைதான். ஆனால் அப்பாவுக்குப் பேச்சு வந்ததும் ஆளை நிறுத்திவிடலாம் என்று போன வாரம்கூட மனைவியிடம் சொன்னான். அதுவும் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே.

அன்று சாயங்காலம் சீக்கிரமே வீட்டுக்குப் போய், அப்பாவின் அருகில் உட்கார்ந்தான். எனக்குத் தெரியும் என்று சொல்ல முடியவில்லை. எப்படித் தெரியும் என்று கேட்டால் கடிகாரத்தைத்தான் காட்ட வேண்டும். வேறு ஏதாவது பேசலாம் என்று பார்த்தால், பேசவும் ஒன்றும் அகப்படவில்லை. அப்பா நன்றாகப் பேசிக்கொண்டிருந்த காலத்திலேயே அவரிடம் அவன் பேசியது கரண்ட் பில், கதவுச் சாவி, இவ்வளவுதான். அவமானமாக இருந்தது. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டான். அப்பா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கேமராவைக் கழற்றி எறிந்துவிட வேண்டும் என்றுதான் வந்தான். கழற்றவில்லை. அப்பாவின் குரலைக் கேட்க அவனுக்கு வேறு வழி இல்லை.

மறுநாள் அதே படிக்கட்டு. இயர்போனைச் செருகியபோது அப்பா தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நேத்து அவன் அழுதான்மா. என்னடா ஆச்சுன்னு கேக்க வாய் வரைக்கும் வந்துச்சு. அடக்கிக்கிட்டேன்."