பிரான்ஸ் அளவு

கடற்கரையில் நின்றவர்கள்: பெண்ணைப் பெற்ற மரியசூசை, அவர் மனைவி அந்தோணிமேரி, மகன் சூசைராஜ், மகள் சலோமி, சலோமியைக் கட்டப்போகும் எதுவார், சற்றுத் தள்ளி வலையை உதறிக்கொண்டிருந்த சோமு. இவர்களில் தண்ணீருக்குப் பயந்தவள் சலோமி மட்டும்தான் என்று அன்று சாயங்காலம் எல்லோரும் முடிவு கட்டினார்கள்.

ஆடி முடிந்தும் காற்று அடங்கவில்லை. அரசலாறு கடலில் சேருகிற இடத்தில் முழங்கால் தண்ணீர். அதில் ஒரு நீளப் பலகையை மிதக்கவிட்டு, அதன் நடுவில் பாய்மரத்தை நிமிர்த்திப் பிடித்து, எதுவார் ஏறி நின்றான். பிரான்சில், மர்சே பட்டணத்தில் லீவு நாளெல்லாம் அவனுக்கு இதுதான் விளையாட்டாம்.

பலகை கொஞ்சம் ஓடியது. அடியில் மணல் தட்ட, எதுவார் குப்புற விழுந்தான்.

"மெதுவாங்க! இந்தத் தண்ணியில நண்டுகூட முங்காது," என்றான் சோமு.

"உங்க ஊர்ல கடலுக்குக்கூட ஆழம் கெடையாது." எதுவார் வாயிலிருந்த மணலைத் துப்பினான். அவன் பிறந்ததும் இதே ஊரில்தான். அப்பன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த புண்ணியத்தில் மகன் பிரான்சுக்காரன் ஆனான். காரைக்கால் 'உங்க ஊர்' ஆனது.

மரியசூசை சிரித்தார். மாப்பிள்ளை என்ன சொன்னாலும் அவர் மூன்று வாரமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் முன்வந்து சொல்லலாம் என்று கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்கிற ஓலையில் இரண்டு முடிந்துவிட்டது. மூன்றாவது நாளைக்கு. அதன் பிறகு சலோமி பிரான்சுக்குப் போவாள், அவள் பின்னால் சூசைராஜ் போவான், ஒருநாள் மரியசூசையும் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு பனியில் நடப்பார். அந்தக் கம்பளிச் சட்டையை அவர் இப்போதே தைக்கக் கொடுத்துவிட்டார் என்று தெருவில் பேச்சு.

"சலோமி, நீ வந்து ஏறு!" எதுவார் தண்ணீரில் நின்றபடி கூப்பிட்டான்.

அவள் நகரவில்லை. எதுவார் கரைக்கு வந்து பையிலிருந்து ஒரு மிதவைச் சட்டையை எடுத்தான். "இதைப் போட்டுக்க, முங்க மாட்டே. உனக்காகவே புதுசா வாங்கினது."

புதுசு என்று சொன்ன ஆரஞ்சு நிறம் வெயிலில் வெளுத்திருந்தது. அதில் தொங்கிய விசிலின் வாய் கடிபட்டு நைந்திருந்தது. பிரான்ஸ் சாமான் என்பதால் யாரும் குறை பார்க்கவில்லை.

எதுவார் அதை அவளுக்கு மாட்டிவிட்டு, அவள் முன்னால் மணலில் மண்டியிட்டான். கண் கடலைப் பார்த்துக்கொண்டிருக்க, கை தானாகக் கொக்கிகளைத் தேடிப் பிடித்தது.

"மச்சான் இப்பவே மண்டி போட்டுட்டாரு!" சூசைராஜ் கைதட்டினான்.

ஒரு கொக்கியும் எட்டவில்லை. சட்டை புடவைக்கு மேலே விலாவைக்கூடத் தாண்டவில்லை. கீழே ஒரு வார் தொங்கியது. அதைக் கால்களுக்கு நடுவே கொண்டுபோய் மாட்ட வேண்டுமாம். அந்தோணிமேரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இது பிரான்ஸ் அளவு," என்றான் எதுவார். "அங்க பொண்ணுங்க இப்படியா இருப்பாங்க?"

"தின்னு தின்னு ஊதி வச்சிருக்கா. மூச்சை உள்ள இழுடி!" அந்தோணிமேரி மகளின் இடுப்பில் கிள்ளினாள்.

"இன்னொரு சட்டைய சேத்துத் தச்சாத்தாம்மா இவளுக்கு மாட்டும்," என்றான் அண்ணன்காரன்.

சலோமி மூச்சை இழுக்கவில்லை. விசிலைக் கையில் எடுத்து, சின்னச் சின்னப் பல் பதிந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு சட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"நான் ஏறல."

"குட்டையில குளிச்சவளுக்குக் கடலைக் கண்டா நடுக்கம்தான் வரும்," என்றான் எதுவார். அதற்கும் மரியசூசை சிரித்தார்.

தலத்தெருவில் பெண் வீட்டுக்கு வந்த பிறகும் எதுவார் விடவில்லை. காபியைக் கையில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தான்.

"மாமா, ஒரு பலகையில ஏறத் துப்பில்ல. இவள அங்க கூட்டிட்டுப் போயி நான் யாருகிட்ட காட்டுறது? எல்லாம் சிரிப்பாங்க. நாளைக்கு ஓலை வாசிக்கணுமான்னே யோசிக்கிறேன்."

மரியசூசை நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "அப்படியெல்லாம் சொல்லாதீங்க மாப்பிள்ள. பயந்த புள்ள. நான் சொல்லித் திருத்துறேன்." மாப்பிள்ளையின் கால் இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இருந்திருந்தால் விழுந்தே இருப்பார். "சலோமி! வெளிய வந்து மன்னிப்புக் கேளு!"

எதுவார் காபியைப் பாதியில் வைத்துவிட்டு வாசலுக்கு நடந்தான். கோபத்தில் போகிறவன் இவ்வளவு மெதுவாகப் போக மாட்டான். பின்னாலேயே ஓடி வருவாள் என்று அவனுக்குத் தெரியும்.

வந்தாள். கையில் அந்த மிதவைச் சட்டை, மணல் தட்டி, மடித்து.

படி இறங்கியவன் திரும்பி நின்றான். முகத்தில் மன்னிக்கிறவனின் களை வந்திருந்தது. சலோமி சட்டையை அவன் கையில் கொடுத்தாள்.

"மறக்காம எடுத்துட்டுப் போங்க. விசிலக் கடிக்கிற புள்ள தேடும்."

எந்தப் பிள்ளை என்று எதுவார் கேட்கவில்லை. அவள் கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டு, சாவியையும் திருப்பினாள்.