லாகின் இல்லாத மாரம்மா

“சிலிண்டரைத் தொடச் சொல்லி உன்கிட்ட யாரும்மா சொன்னது?”

பர்சனல் மேனேஜர் பிரதாப் போட்ட சத்தம் கேன்டீன் வரைக்கும் கேட்டிருக்கும். எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள் மாரம்மா. ஓசூர் சிப்காட்டில் கார் பாகங்கள் செய்யும் அந்தக் கம்பெனியில், கான்ட்ராக்ட்டில் கூட்டிப் பெருக்குகிறவள்.

“தீ எரிஞ்சுது சார். அணைச்சேன்.”

“அணைச்சுட்டா நீ பெரிய ஆளா?”

முந்தின நாள் மத்தியானம் நடந்த கூத்து இது. பெயிண்ட் ஷாப் வாசலில் மின்சார போர்டு குப்பென்று பற்றிக்கொண்டது. பிரதாப்பின் உதவியாளன் கௌதம், பதற்றத்தில் ஒரு பக்கெட் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

“பேடா, பேடா! வேணாம்! கரண்ட்டு மேல தண்ணி ஊத்தாத சார், நீயும் சேர்ந்து வெந்துடுவ!” என்று கத்தி, பக்கெட்டைப் பிடுங்கியவள் மாரம்மாதான். மெயின் சுவிட்சை இறக்கச் சொன்னதும், சரியான தீயணைப்பு சிலிண்டரைப் பொறுக்கி எடுத்து, பின்னைப் பிடுங்கி, தீயின் அடியைப் பார்த்து அடித்ததும் அவள்தான். ஒன்றரை நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. உள்ளே வேலை செய்துகொண்டிருந்த நாற்பது பேருக்கு ஒரு கீறல் இல்லை.

நியாயமாகப் பார்த்தால் மாலை போட்டிருக்க வேண்டும். ஆனால் ரூல்ஸ் என்று ஒன்று இருக்கிறதே! பயிற்சி எடுக்காதவர்கள் தீயணைப்புக் கருவியைத் தொடவே கூடாது. விசாரிக்க பெங்களூர் தலைமை ஆபீஸிலிருந்து பாதுகாப்பு அதிகாரி சத்யப்ரியா வந்து உட்கார்ந்திருந்தார். பிரதாப்புக்கோ அந்த வாரம் பதவி உயர்வு லிஸ்ட் வரவேண்டியிருந்தது. ஒரு பெருக்குகிற பொம்பளையால் அது கெட்டுப்போவதா?

“மேடம், நம்ம பக்கம் தப்பே இல்லை,” என்று பிரதாப் கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினார். “நீங்க அனுப்பின தீ பாதுகாப்புப் பாடத்தை ஆபீஸருங்க முப்பத்தெட்டு பேரும் முடிச்சாச்சு. ஒரு மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்தே ஆகணும், நடுவுல தாண்ட முடியாது. கடைசியில பரீட்சை வேற. பாருங்க, எனக்கு நூத்துக்கு நூறு. கௌதமுக்குத் தொண்ணூத்தஞ்சு.”

பக்கெட்டோடு ஓடிய தொண்ணூற்றைந்து, சுவர் ஓரமாக நின்று தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“இந்த அம்மாவுக்கு?”

“கான்ட்ராக்ட் ஆளுங்களுக்கு லாகினே கிடையாது மேடம். இன்னிக்கே கேட் பாஸைப் பிடுங்கிடறேன்.”

“அய்யோ, அப்படிச் செய்யாதீங்க சார்! பொண்ணு பர்கூர் காலேஜுல படிக்கறா. என் சம்பளத்துலதான் ஓடுது!”

சத்யப்ரியா குறுக்கிட்டார். “கரண்ட் தீக்கு எந்த சிலிண்டர்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“கறுப்புப் பட்டை போட்டது மேடம். தண்ணி ஆகாது, நுரையும் ஆகாது. அடிக்கறப்ப குழாய் முனையில இருக்கற கொம்பைப் பிடிக்கக் கூடாது, குளிர்ல கை விறைச்சுப் போயிரும்.”

அந்தப் பாடத்தை எழுதியதே சத்யப்ரியாதான். தன் வார்த்தைகள் வரிசை மாறாமல் வந்து விழுவதைக் கேட்டு அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இதை எங்கே படிச்சீங்க?”

“ட்ரெயினிங் ரூம்லதான் மேடம். தொடைக்கப் போறப்ப.”

பிரதாப் துள்ளி எழுந்தார். “லாகின் இல்லாம எப்படித் திறந்த? யாரோ ஆபீஸரோட நம்பரைத் திருடியிருக்க!”

“திருடலை சார். அவங்களே போட்டுக் குடுத்தாங்க. வேலை இருக்கு, நீ உக்காந்து அமுக்கிட்டிரு மாரம்மான்னாங்க.”

ஆகா, ஆள் கிடைத்துவிட்டான்! பிரதாப்புக்கு உற்சாகம் தாங்கவில்லை. மேடம் எதிரிலேயே ஒரு ஏமாற்றுக்காரனைப் பிடித்துக் கொடுத்தால், பதவி உயர்வு கையில் வந்த மாதிரிதானே?

“எந்த ஆபீஸர்? தன் பாடத்தை அடுத்தவங்க தலையில கட்டினவனுக்கு இந்தக் கம்பெனியில இடமே இல்லை! எழுதிக்குங்க மேடம்!”

கௌதம் வேண்டாம், வேண்டாம் என்று கண்ணைக் காட்டினான். யார் கவனித்தார்கள்?

“விடுங்க சார்,” என்றாள் மாரம்மா. “அவங்களும் புள்ளகுட்டிக்காரங்க.”

“பேரைச் சொன்னா உன் வேலை தப்பிக்கும். சொல்லலைன்னா இப்பவே வெளியே போ!”

மாரம்மா முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“நெறைய பேரு குடுத்தாங்க சார். மொதல்ல கௌதம் சார் கொண்டாந்து குடுத்தது உங்க நம்பரைத்தான். அதுல எனக்கு நாப்பது மார்க்குதான் வந்துச்சு... மேனேஜர் பேருக்கு அசிங்கமாச்சேன்னு மறுபடி ஒரு மணி நேரம் உக்காந்து, நான்தான் சார் உங்களுக்கு நூறு வாங்கிக் குடுத்தேன்.”