பொன்னையா கங்காணியின் புது ஆள்

“இவன் நம்ம ஆளுதாங்க தொரை. அக்கரையிலேர்ந்து நான்தான் கையோட கூட்டிக்கிட்டு வந்தேன்” என்று சொல்லிவிட்டுப் பொன்னையா கங்காணி தலைப்பாகை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் கறுப்புக் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, கையைக் கட்டி, தலையைத் தொங்கப்போட்டு நின்றான் அந்தக் கூலி. பார்க்கிறவர்களுக்கு ஐயோ பாவம் என்றிருந்தது.

கண்டியில் ரோட்டுக் கமிட்டி கூடி முறைப்பாடு கேட்கும் நாள் அது. கோப்பி மூட்டை வண்டிகள் ஓடி ஓடி ரோடெல்லாம் குண்டும் குழியுமாகக் கிடந்த காலம். ஊரில் உள்ள ஆம்பிளை ஒவ்வொருவரும் வருஷத்துக்கு ஆறு நாள் ரோட்டில் கல் உடைக்க வேண்டும். முடியாதவர் அதற்குப் பதிலாக வரி கட்ட வேண்டும். கடலுக்கு அக்கரையில் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த கூலிகளுக்கு மட்டும் இரண்டும் கிடையாது.

அந்த விலக்கைக் கேட்டுத்தான் இந்தக் கூலியும் வந்து நின்றான். கூலியாவது, மண்ணாவது! ஆள் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் சேதுராமன். கண்டியில் பிறந்து கண்டியில் வளர்ந்து, பேராதெனியப் பாலத்தைத் தாண்டினாலே தலை சுற்றுகிற மனுஷர்.

வரியைக் கட்டித் தொலைக்கலாமே என்றால், அவர் எச்சில் கையால் காக்காய் ஓட்டாதவர். கல்லை உடைத்துத் தொலைக்கலாமே என்றால், இந்த வருஷம் செப்பனிடப் போவது அவர் கடைக்கு முன்னால் போகும் ரோடு. வாடிக்கைக்காரர்கள் பார்க்க, வெயிலில் குந்திக்கொண்டு சம்மட்டி தூக்குவதை நினைத்துக்கூடப் பார்க்க அவரால் முடியவில்லை. மானம் போனால் கடையும் போகும் என்று பயந்தார்.

அந்த நேரத்தில்தான் பொன்னையா கங்காணி கடைக்கு வந்து சேர்ந்தார். கலஹாப் பக்கத்துக் கோப்பித் தோட்டம் ஒன்றில் கூலிகளை வேலை வாங்குகிறவர். கோப்பிப் பழம் பழுத்து நிற்கிற நேரத்தில் அவருடைய ஆட்களில் பாதிப் பேர் வேறு தோட்டத்துக்கு ஓடிவிட, அவர்களைத் தேடிக் கண்டிக்கு வந்து, ஒருவரும் அகப்படாமல் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சேதுராமன் அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்து (தண்ணீர்தான், கோப்பி இல்லை) மெல்லத் தன் கஷ்டத்தை எடுத்துவிட்டார். கமிட்டியில் வந்து, இவன் என் ஆள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார். கங்காணி கொஞ்ச நேரம் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“சொன்னாப் போச்சுங்க மொதலாளி” என்றார்.

கைம்மாறாக ஒரு வேட்டி தருவதாகச் சேதுராமன் மனசில்லா மனசோடு சொன்னதற்கு, அதெல்லாம் எனக்கு எதுக்குங்க என்று மறுத்துவிட்டார். தன் கம்பளியையும் கொடுத்து, அன்றைக்குக் குளிக்காமல் வரும்படி யோசனையும் சொன்னார். இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மனுஷனா என்று சேதுராமன் உருகிப்போனார்.

கமிட்டித் துரைக்குத் தமிழ் தெரியாது. யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக வந்திருந்த சுந்தரலிங்கம்தான் இரண்டு பக்கத்துக்கும் மொழிபெயர்த்துச் சொன்னார். அவர் சேதுராமனின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், மோந்தும் பார்த்தார்.

“இது மண்வெட்டி பிடிச்ச கை மாதிரித் தெரியேல்லையே. சவ்வாதெல்லோ மணக்குது” என்றார்.

சேதுராமன் கையைக் கம்பளிக்குள் இழுத்துக்கொண்டார். குளிக்காமல் வந்தாரே தவிர, சவ்வாது பூசாமல் வர அவருக்கு மனம் வரவில்லை. கங்காணி அசரவில்லை. ஆள் வந்து இறங்கியதும் காய்ச்சலில் விழுந்துவிட்டான், இன்னும் வேலைக்கு இறக்கவில்லை, கோயிலில் மந்திரித்துப் பூசிய சவ்வாது அது என்று அளந்துவிட்டார்.

அதைக் கேட்டதும் சேதுராமனுக்கும் துணிச்சல் வந்தது. ராமேஸ்வரத்தில் தோணி ஏறியது, மன்னாரிலிருந்து காட்டு வழியே நடந்தது, நடுவில் கரடியைக் கண்டு மரத்தில் தொற்றியது என்று ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டார். கங்காணி சொல்லிக்கொடுத்தது தோணியும் காடும் மட்டும்தான். கரடி இவருடைய சொந்தச் சரக்கு.

துரைக்கு மனசு இளகிவிட்டது. சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டு ஓடுகிற கூலிகளை மறியலில் அடைத்து அடைத்து அலுத்துப்போனோம், நீயாவது பழம் பறித்து முடிகிற வரைக்கும் ஒழுங்காக இருப்பாயா என்று கேட்டார். சேதுராமன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

“பழம் முடியிற வரைக்கும் என்னங்க தொரை, சாகுற வரைக்கும் இந்தக் கங்காணிக்குத்தான் ஒழைப்பேன். சத்தியமுங்க.”

சுந்தரலிங்கம் அதை ஒரு சொல் விடாமல் இங்கிலீஷில் சொன்னார். துரை தலையாட்டினார். இந்த ஆளுக்கு ரோட்டு வேலையும் இல்லை, வரியும் இல்லை, இவன் பொன்னையா கங்காணியின் கூலி என்று கூடியிருந்த எல்லோர் காதிலும் விழும்படி தீர்ப்புச் சொல்லியாயிற்று.

வெளியே வந்ததும் சேதுராமனுக்குக் கால் தரையில் பாவவில்லை. இனி ஊரெல்லாம் கல் உடைக்கட்டும், நாம் கடையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம் என்று சிரித்தார். கம்பளியைச் சுருட்டிக் கங்காணியிடம் நீட்டி, ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கடைத்தெருப் பக்கம் திரும்பினார்.

கங்காணி கம்பளியை வாங்கவில்லை. வாசலில் நின்ற பொலிஸ்காரனை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். பிறகு எட்டி வந்து சேதுராமனின் தோளில் கையைப் போட்டார்.

“அங்கிட்டு எங்கடா போற? தோட்டத்துக்கு வழி இங்கிட்டு.”