மூன்றாம் ஆண்டுக்கான அணி

கிளீவ்லாந்தின் டயாலிசிஸ் கூடத்தில் ஏப்ரல் வெயில் சன்னல் மறைப்பின் வழியே கோடு கோடாக விழுந்து, வென்டெலின் கையிலிருந்து இயந்திரத்துக்குப் போகும் சிவந்த குழாயில் படிகிறது. ஒலி அடக்கிய தொலைக்காட்சியில், அடுத்த பருவத்துக்கு விலைபேசப்படும், அமெரிக்கக் கால்பந்தில் பந்தெறியும் குவார்ட்டர்பேக்குகளின் முகங்கள் மாறி மாறி வருகின்றன. பக்கத்து நாற்காலியில் இன்னோர் இயந்திரத்தோடு பிணைந்திருக்கும் ஸ்டான், போர்வைக்கு வெளியே விரலை நீட்டிக் கல்லூரிப் பையன் ஒருவனைக் காட்டுகிறார். "நம்ம டீம் இவனை எடுக்கணும். ரெண்டு வருஷம் உக்காந்து கத்துக்கட்டும். மூணாவது வருஷம் பாரு." வென்டெல் திரும்பவில்லை. "அந்த முப்பத்தெட்டு வயசுக்காரனைக் கொண்டாங்கய்யா. செப்டம்பர்லயே எறிவான்." "அவன் தோளுக்கு நம்ம தோளே தேவலாம். ஒரு சீசன்தான் தாங்கும்." "ஒரு சீசன் போதும்." "உனக்கு எதுலயும் அவசரம்யா. இப்படி அவசரப்பட்டுத்தான் முப்பது வருஷமா நாசமாப் போறோம்." ஜூனில் ஸ்டானுக்கு அவர் மகள் சிறுநீரகம் தருகிறாள். வென்டெலின் இதயம் அறுவையைத் தாங்காது என்று போன செவ்வாயன்று மாற்றுச் சிறுநீரகப் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். ஒரு வருடம், மிஞ்சினால் ஒன்றரை என்றார் மருத்துவர். அதை வென்டெல் இங்கே யாரிடமும் சொல்லவில்லை. குழாய்க்குள் இரத்தம் சீராகச் சுற்றுகிறது. "சரி, பையனையே எடுங்க," என்கிறார் வென்டெல். ஸ்டானின் முகம் மலர்கிறது. "மூணாவது வருஷம் ஜனவரி நாக்அவுட் ஆட்டத்துக்கு நான் டிக்கெட் எடுக்கறேன். நீயும் வர்ற." "ஸ்டேடியத்துல மேல் அடுக்குல எடுக்காதீங்க. ஏரிக்காத்து ஆளைத் தூக்கிடும்." வாதத்தில் வென்றவருக்கே வாய்க்கும் தாராளத்தோடு, கீழ் அடுக்கிலேயே எடுப்பதாக ஸ்டான் வாக்களிக்கிறார்.