பிஜிலிக்கும் ஒரு கண்ணாடி

கொடைக்கானலுக்குச் சுற்றுலா வந்த மனிதர், குதிரை ஏறியதும் கண்ணை மூடும் வி.ஆர். கண்ணாடியை மாட்டி அதில் சுவிட்சர்லாந்தை ஓடவிட்டார். கயிற்றைப் பிடித்து நடந்த யாகூப்புக்கு இந்த ஜென்மங்களைப் பார்த்தாலே குமட்டும். எதிரே தூண்பாறை மேகத்தைக் கிழித்துக்கொண்டு நிற்கிறது; இவரோ கண்ணாடிக்குள் இருக்கிற பனிமலைக்குக் கையாட்டுகிறார்.

பாதை சரிந்து கிடந்த இடத்தில் குதிரை பிஜிலி நின்றுவிட்டது. அவர் அதன் விலாவில் உதைத்தார்.

“பள்ளம் சார். குதிரை போகாது.”

“எனக்கு ரோடு நல்லாத்தானே தெரியுது. ஓட்டுப்பா.”

குதிரை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று சவாரி நடத்தும் கம்பெனிக்கு அங்கேயே புகார் போட்டார். மறுநாள் கம்பெனி பிஜிலிக்கும் ஒரு கண்ணாடி மாட்டிவிட்டது.

இப்போது பள்ளம் வந்தாலும் அது நிற்பதில்லை. யாகூப் கயிற்றைக் கையில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு நடக்கிறான். அந்தப் பாதையில் கண் தெரிகிற பிராணி இனி அவன் ஒருவன்தான்.