வாசனை மேடம்

"இது டூப்ளிகேட்."

மேடம் பாட்டிலை வைத்த வேகத்தில் கண்ணாடி மேஜை அதிர்ந்தது. தூதரக விருந்துக்கு வந்தவர்கள் போல விறைப்பாக நின்றிருந்த மற்ற சென்ட் பாட்டில்கள் ஒருமுறை நடுங்கி அடங்கின.

"நேத்து சாயங்காலம் நீதானே வித்தே?" என்றார் விற்பனைப் பெண்ணிடம். "என் அரை மாசச் சம்பளம். இவளுக்கு என்ன தெரியப்போகுதுன்னு தலையில கட்டிட்டியா?"

"உங்க முன்னாடிதானே மேடம் சீலைப் பிரிச்சேன்..."

"சீல் ஒட்டுறது பெரிய வித்தையா? பசை கிடைக்காதா ஊர்ல?"

மேடம், பக்கத்துத் தெருக் காப்பீட்டு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். இரண்டு வருடமாகத் தினமும் காலையில் இந்தக் கடைக்குள் நுழைந்து, வருகிறவர்கள் அடித்துப் பார்க்க வைத்திருக்கும் டெஸ்டர் பாட்டிலில் மணிக்கட்டுக்கு இரண்டு, கழுத்துக்கு ஒன்று என்று அடித்துக்கொண்டு மறு வாசல் வழியாக வெளியேறுவார். வாங்கப்போகிற பொருளைச் சோதித்துப் பார்ப்பதில் என்ன தப்பு? சோதனை கொஞ்சம் நீண்டுவிட்டது, அவ்வளவுதான்.

அலுவலகத்தில் அவருக்கு 'வாசனை மேடம்' என்றே பெயர். அவர் விடுப்பில் இருக்கிற நாளிலும் காசாளர் எட்டிப் பார்த்து, "மேடம் வந்துட்டாங்களா? வாசனை வருதே!" என்பாராம். "நான் லீவு போட்டாலும் என் வாசனை லீவு போடாது" என்று அதைச் சொல்லிக் காட்டுவதில் மேடத்துக்குத் தனிப் பெருமை.

திங்கட்கிழமை முதல் பதவி உயர்வோடு தலைமை அலுவலகம். அந்த வழியில் இந்தக் கடை இல்லை. அதனால்தான் மனதைக் கல்லாக்கிக்கொண்டு பாட்டிலையே வாங்கினார். இன்று காலை அதை அடித்துக்கொண்டு கம்பீரமாகப் போனால், கிளை மேலாளர் எல்லோர் முன்னாலும் மூக்கைச் சுளித்தார்.

"என்ன மேடம், கடைசி நாள்ல சாதா சென்ட்டுக்கு இறங்கிட்டீங்க?"

அதைக் கேட்டு எல்லோரும் சிரித்த சத்தம் இன்னும் காதில் இருந்தது. திங்கட்கிழமை புது இடத்திலும் இதே சிரிப்பைக் கேட்க மேடம் தயாராக இல்லை. உணவு இடைவேளை மணி அடித்ததும், சாட்சிக்குத் தபால் பிரிவுப் பெண்ணை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அவளைக் கூட்டி வந்ததே அவருக்குக் கொஞ்சம் கேவலமாகத்தான் இருந்தது. பின்சந்தில் மில்லிக் கணக்கில் ஊற்றிக் கொடுக்கிற கடையில் சென்ட் வாங்குகிறவள். "நீங்க போடுறது மாதிரியே ஒண்ணு குடுங்கன்னு கேட்டு வாங்கினேன் மேடம்" என்று ஒருமுறை ஆசையாகச் சொல்லப் போய், ஜன்னலோர மேஜைக்கு விரட்டப்பட்டவள்.

"மாதிரியா? அந்தச் சந்துக்கடைச் சென்ட்டை நினைச்சாலே எனக்குத் தலை வலிக்குது. தள்ளி உக்காரு" என்றார் அன்று. கிட்டே போய் முகர்ந்து பார்ப்பதைக்கூட அவர் கௌரவக் குறைச்சலாக நினைத்தார்.

கடை முதலாளி வந்தார். பாட்டிலின் அடியில் இருந்த எண்ணைக் கணினியில் தட்டிப் பார்த்தார்.

"கம்பெனி நம்பர் சரியா இருக்கு மேடம். ஒரிஜினல்தான். உங்களுக்குத் திருப்தி இல்லைன்னா வேற பாட்டில் தர்றேன்."

புதுப் பெட்டி பிரிந்தது. ஒரு துண்டு அட்டையில் அடித்து நீட்டினார். மேடம் முகர்ந்த வேகத்திலேயே தூக்கி எறிந்தார்.

"இதுவும் அதே டூப்ளிகேட்! பெட்டி பெட்டியாவா இறக்கி வச்சிருக்கீங்க?"

"மேடம், மெதுவா... மத்த கஸ்டமர் எல்லாம் பார்க்கறாங்க."

"பார்க்கட்டும். நாலு பேர் தப்பிப்பாங்க." மேடத்தின் கை டெஸ்டர் பக்கம் போனது. முதலாளியின் கை குறுக்கே வந்தது.

"அது வேணாம் மேடம், பழசு. கம்பெனியே வருஷத்துக்கு ஒண்ணுதான் அனுப்பும். ஆளாளுக்கு அடிச்சா..."

"கையை எடுங்க. உங்க கடையில இருக்கிற ஒரே நேர்மையான சரக்கு இதுதான்."

இன்னொரு அட்டையில் அடித்து, கண்ணை மூடி இழுத்தார். இதுதான்! கதவைத் திறக்கும் முன்பே அறைக்குள் போய் அவருக்காக நாற்காலி போட்டு வைக்கிற வாசனை. மேடத்துக்குக் கண்கூடச் சற்றுக் கலங்கியது.

"இந்தா," என்று அட்டையைத் தபால் பிரிவுப் பெண்ணிடம் நீட்டினார். "உன் மூக்கோட லட்சணம் எனக்குத் தெரியும். இருந்தாலும் பாரு. ஒரிஜினல்னா என்னன்னு வாழ்க்கையில ஒரு தடவையாவது தெரிஞ்சுக்கோ. பார்த்துட்டு இவங்களுக்குக் கேக்கற மாதிரி சத்தமாச் சொல்லு."

அவள் முகர்ந்தாள். புருவம் சுருங்கியது. கைப்பையிலிருந்து விரல் நீளக் குப்பி ஒன்றை எடுத்துத் திறந்து அதை முகர்ந்தாள். மறுபடி அட்டையை முகர்ந்தாள்.

முதலாளி கூரையைப் பார்த்தார். விற்பனைப் பெண் தரையைப் பார்த்தாள்.

"என்ன முழிக்கிற? சொல்லேன், வாயில என்ன கொழுக்கட்டையா?"

"மேடம்... டெஸ்டர்ல ஊத்தி வச்சிருக்கிறது என் சந்துக்கடைச் சென்ட்."